ஹெவி கேஸ்

"அடுத்தது ஹெவி கேஸு, இன்னும் ரெண்டு பேரக் கூப்பிடுப்பா" என்று ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் சொன்னது என்னைத்தான். என் காலடியில் நின்றுகொண்டு, என் காது கேட்க. இவ்வளவு சதைக்குள் காது எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பான். எனக்குப் பெயர் இருக்கிறது, மங்கையர்க்கரசி, கையில் பட்டை மாட்டி எழுதியும் வைத்திருக்கிறார்கள், அந்தப் பட்டையும் என் மணிக்கட்டைச் சுற்றி எட்டாமல் பிளாஸ்திரி போட்டு ஒட்டித்தான் நிற்கிறது. கவுனும் அப்படித்தான், பின்பக்கம் இந்த நாடாவும் அந்த நாடாவும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. சிஸ்டர் ஒரு போர்வையைத் தூக்கிப் போட்டு "படுத்துத்தானக்கா இருக்கப் போறீங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றாள். எனக்குத் தெரிகிறதே. முதுகு முழுக்க ரெக்சின் ஜில்லென்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது எனக்குத் தெரியாதா. தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், உள்ளே ஒரு கேஸ் முடியவில்லையாம், முடிந்ததும் நான். ஹெவியாம். கனம் என்றால் என்னவென்று இந்தப் பயலுக்கு என்ன தெரியும். ஊறின அரிசியும் உளுந்துமாக அண்டாவைத் தூக்கிக் கிரைண்டரில் கொட்டுகிறவள் நான், அரைத்த மாவை டிரம்மோடு தூக்கி வாசலில் வைக்கிறவள் நான். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் நின்று மாவுக்காரக்கா என்று கேட்டால் நடக்கப் பழகுகிற பிள்ளைகூடக் கை காட்டும். அத்தனை வீட்டு இட்லியும் என் தோளில்தான் வேகிறது. ஆனால் ஊர் என்ன சொல்கிறது, உட்கார்ந்து தின்றே ஊதிப்போனாளாம். உட்கார்ந்ததை யார் பார்த்தார்கள், தின்றதை யார் பார்த்தார்கள். மகள் அபியைப் பெறும்போது வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள், அந்தத் தழும்பு வழியாகத்தான் இப்போது குடல் எட்டிப் பார்க்கிறது, டிரம்மைத் தூக்கத் தூக்க அது வெளியே தள்ளிக்கொண்டு வந்தது, முதலில் எலுமிச்சம்பழம் மாதிரி, அப்புறம் ஒரு குட்டித் தேங்காய் மாதிரி. குடலிறக்கம் என்றார்கள். வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் அம்மாக்காரி வயிற்றில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டே அலைந்தால் நன்றாகவா இருக்கிறது.

உடம்பு எழுப்பாது. அப்படித்தானே சொன்னார். நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன், செக்குமாடு தேவலை. நேற்று வார்டில் என் கட்டிலுக்கு மயக்க டாக்டர் வந்தார், நரைத்த மீசை, அவசரமில்லாத ஆள். பல் எதுவும் ஆடுதாம்மா என்றார், ஆடவில்லை. மருந்து ஏதாவது ஒத்துக்காமப் போயிருக்கா என்றார், இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், கழுத்தை நாடாவால் அளந்தார், பிளவுஸுக்கு அளவெடுக்கிற மாதிரி. அப்புறம் சாதாரணமாகக் கேட்டார், "தூக்கத்துல குறட்டை உண்டா?" கட்டிலைச் சுற்றி யார் யார் இருந்தார்கள், என் வீட்டுக்காரர், இவர் இருந்தார், சம்பந்தியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அசந்திருந்தார். இன்னும் சம்பந்தி ஆகவில்லை, பூ வைக்கக்கூட இல்லை, ஆகப்போகிறவர்கள். பெண்ணுக்கு அம்மா ஆஸ்பத்திரியில் என்று கேள்விப்பட்டு ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்துவிட்டார்கள். பார்க்க வந்தார்களோ, பார்த்துவிட்டுப் போக வந்தார்களோ. பெண்ணைப் பார்க்க வந்த அன்றைக்கே சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "அபி அப்பா ஜாடை போல" என்று இரண்டு தடவை சொன்னாள். அதாவது அப்பா ஜாடையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள். அப்படிப்பட்டவள் ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள், டாக்டர் குறட்டை உண்டா என்று கேட்கிறார். இவர் முந்திக்கொண்டார். "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். மூச்சு விடற சத்தமே வராது." நானும் தலையை ஆட்டினேன். ஆமாம் ஆட்டினேன், வேறென்ன செய்ய. டாக்டர் என் கழுத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். "இருந்தா சொல்லிடணும்மா. சும்மா தூங்கறப்ப தொண்டை அடைச்சு மூச்சு நின்னா உடம்பே பதறி எழுப்பி விட்டுரும். நாங்க குடுக்கற மயக்க மருந்து, வலி மருந்து எல்லாம் உள்ள இருக்கறப்ப உடம்பு எழுப்பாது. ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருக்கும், ராத்திரி வார்டுல தூங்கிட்டே போயிடுவாங்க." இல்லைன்னா நல்லது என்று சொல்லி எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சம்பந்தியம்மா சுளையை என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். புளிப்பு.

போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே, இப்போதும் நேரம் இருக்கிறதே, வாய் இருக்கிறதே. இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்துதான் இருக்கிறது, தள்ளிப் போடுவார்கள். மூன்றாவது தடவை. முதல் தடவை எதற்குத் தள்ளினார்கள் தெரியுமா, பிரஷர். பட்டையை என் புஜத்தில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், பிடிக்கவில்லை, பிய்த்துக்கொண்டு வருகிறது, ஒருத்தி கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி காற்றடிக்க, அய்யய்யோ இவ்வளவு பிரஷரா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேளா வேளைக்கு மாத்திரை விழுங்கித் தலை சுற்றிக் கிரைண்டர் மேலேயே ஒருநாள் விழப்பார்த்தேன். அப்புறம் இதே மயக்க டாக்டர்தான், பெரிய பட்டை எங்கே என்று கேட்டு, அலமாரிக்கு அடியிலிருந்து தூசி தட்டி எடுத்துவரச் செய்து சுற்றினார், பிரஷர் சரியாக இருக்கிறது. சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் அதிகமாகத்தான் காட்டுமாம். பட்டை சின்னது. அவர்கள் பட்டை சின்னது, தப்பு என் கை மேல். இரண்டாவது தடவை வெயிட். கூடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க மிஷினில் ஏற்றி "நூத்திப் பதினாலு" என்று ஏலம் விடுகிற மாதிரி ஒருத்தி கத்தினாள். நானே எடை போட்டு விற்கிறவள், ஒரு கிலோ மாவுக்குக்கூட நான் கத்திச் சொன்னதில்லை. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் விளக்கமாகத்தான் சொன்னார், அதை நான் குறை சொல்லவில்லை. கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் தையல் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கும், வலை நிற்காமல் பிய்த்துக்கொள்ளும், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறும், கொஞ்சம் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், நான் குறைத்தேனே. ராத்திரிச் சோற்றை விட்டேன், விடிவதற்குள் மலைக்கோட்டை அடிவாரம் வரை நடந்தேன், நாய்களுக்கு என்னைத் தெரிந்துபோய்க் குரைப்பதையே விட்டுவிட்டன. பதினோரு கிலோ போனது. சர்க்கரை எல்லையில் நின்றிருந்தது, கீழே இறங்கியது, மூன்று மாதச் சராசரி பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரே புருவத்தை உயர்த்தினார். தெருவில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இளைத்திருக்கிறாய் என்று சொன்னார்களா. நூற்றுப் பதினாலிலிருந்து பதினொன்று போனால் பார்க்கிற கண்ணுக்கு அதே குண்டம்மாதான். உள்ளே ரத்தத்தில் என்ன மாறியது என்று யார் எட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு நடுவில் போன மாதம் ஒருநாள் குடல் போய் மாட்டிக்கொண்டு, வாந்தி, வாந்தி, பச்சையாக, கல் மாதிரி வயிறு. எப்படியோ உள்ளே தள்ளிவிட்டார்கள். இன்னொரு தடவை மாட்டி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அப்புறம் நேரம் காலம் பார்க்க முடியாது என்றார்கள். அதனால்தான் இந்தத் தேதி. இந்தத் தேதிக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். குறட்டை என்று ஒரு வார்த்தை, போச்சு.

இவருக்கு ஆபரேஷன் நடந்தது எப்படி, அதையும் சொல்ல வேண்டும். இவருக்கும் குடலிறக்கம்தான், தொடை இடுக்கில், அரிசி மூட்டை தூக்கி வந்தது. ஊருக்குள்ளேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இவரைப் பார்த்ததும் அந்த டாக்டர் முதுகில் தட்டினார், "உடம்ப நல்லா வச்சிருக்கீங்க, சுண்டைக்கா ஆபரேஷன்." அந்த வாரமே தேதி. வெயிட் பார்த்தார்களா, யாரும் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சட்டையை மாட்டினால் ஹேங்கரில் தொங்குகிற மாதிரி இருக்கும். சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்று சீட்டில் வந்தது. பார்டர்தான், ஒல்லி உடம்புதானே என்று விட்டுவிட்டார்கள். தையல் பிரித்த மறுநாளே வாய் பிளந்துகொண்டது. சீழ். நாற்றம். அப்புறம்தான் நிதானமாகச் சோதித்துப் பார்த்து, ஐயா உங்களுக்கு ரொம்ப நாளாகவே சர்க்கரை ஓடிக்கொண்டிருக்கிறது, புண் எப்படி ஆறும் என்றார்கள். கையும் காலும் குச்சியாக இருந்தாலும் வயிற்றுக்குள்ளே கொழுப்பு இருக்கலாமாம், ஈரலில் படியுமாம், வெளியே தெரியாதாம். ஆடி போய் ஆவணி வரும் வரை தினமும் நான்தான் குனிந்து உட்கார்ந்து துடைத்துக் கட்டுப் போட்டேன், என் வயிறு பிதுங்க, என் குடல் வெளியே வந்து வலிக்க. பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் என்ன சொன்னார்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல், "பாவம், இந்த உடம்புக்கா இப்படி" என்றார்கள். எனக்கு வந்தால் மட்டும் இந்த உடம்புக்கு வராமல் என்ன செய்யும் என்பார்கள். ஒல்லியாக இருந்தால் நோய் அநியாயமாக வந்துவிட்டது, குண்டாக இருந்தால் நாமே கூப்பிட்டு வந்தது. என்ன நியாயமடா இது.

இந்த ஏசியை யாராவது குறைத்தால் தேவலை. உள்ளே ஏதோ இரும்புத் தட்டில் விழுகிற சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குச் சிரிப்பார்கள், வேறு ஏதாவது பேச்சாக இருக்கும், சிரிப்பு என்றாலே நம்மைப் பார்த்துத்தான் என்று நினைக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது, வராமல் என்ன. குறட்டை. மூச்சு விடற சத்தமே வராதாம். அட மகராசா, இதே வாய்தானே. உங்கள் தங்கை மகன் கல்யாணத்தில், மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாடியும் என்ன சொன்னீர்கள், "எங்க வீட்ல ரெண்டு கிரைண்டருங்க, ஒண்ணு கடையில, ஒண்ணு கட்டில்ல. கடைக் கிரைண்டருக்காச்சும் சுவிட்ச் இருக்கு." எப்படிச் சிரித்தார்கள். சமையல்காரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். காது குத்து, வளைகாப்பு, கறிவிருந்து, ஒன்றில் விடாமல் கட்டில் கிரைண்டர். நானும் கூடவே சிரித்தேன், சிரிக்காவிட்டால் கோபக்காரி என்பார்கள், குண்டு உடம்புக்காரிக்குக் கோபமும் வரக்கூடாது, வந்தால் பிரஷர் என்பார்கள். ஊர் முழுக்கத் தண்டோரா போட்ட விஷயம், ஒரே ஒருத்தர் கேட்கவேண்டியவர் கேட்டார், அவரிடம் மட்டும் இல்லை என்கிறீர்கள். மானம் இப்போதுதான் ஞாபகம் வந்ததாக்கும். அந்த இடியை வேறு என்ன சொல்ல. தினமும் முழங்கையால் விலாவில் ஒரு இடி. நல்ல தூக்கத்தில் நங்கென்று. திரும்பிப் படு என்றுகூடச் சொல்வதில்லை, இடி மட்டும்தான். காலையில் பார்த்தால் அந்த இடம் கன்றிக்கூட இருக்கும். என் சத்தம் உங்களுக்கு அவ்வளவு பாரமாகப் போய்விட்டதா, ஹாலில் போய்ப் படுக்கலாமே, பாய் இல்லையா வீட்டில் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். போகவும் மாட்டார், இடிப்பதையும் விடமாட்டார். இடிபட்டு விழிக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா, கிணற்றுக்கு அடியிலிருந்து ஏறி வந்த மாதிரி, நெஞ்சு திக்திக்கென்று, வாய் வறண்டு, காற்றை அள்ளி அள்ளிக் குடிப்பேன். இடித்ததால்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டு இவரைத் திட்டுவேன். இடிக்காமலும் சில நாள் அப்படி விழித்திருக்கிறேனே. அது என்னவாக இருக்கும். மதியம் மாவை எடை போட்டுக்கொண்டே, தராசுத் தட்டில் கண் இருக்கிறபடியே தூங்கிவிடுவேன், "அக்கா, மாவு வழியுது" என்று யாராவது எழுப்பவேண்டும். தின்கிறாள் தூங்குகிறாள் என்று அதற்கும் ஒரு பெயர். ராத்திரி முழுக்கத் தூங்கியும் தூங்காத மாதிரி ஏன் இருக்கிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் வெயிட்டைக் குறை என்பார்கள். எதைக் கேட்டாலும் அதுதான் பதில் என்றால் எதையாவது கேட்பேனா நான். உடம்பு எழுப்பாது. அப்படியானால் இதுநாள் வரை உடம்புதான் எழுப்பிக்கொண்டிருந்ததா. அந்தக் கிணறு, அது கனவில்லையா.

"மங்கையர்க்கரசிதானே? வாங்க, போலாம்" என்று சிஸ்டர் வந்துவிட்டாள். வரட்டும் வரட்டும் என்று காத்திருந்ததுதான். ஹெவி கேஸ் என்றவனும் இன்னும் இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறார்கள், சக்கரம் ஒன்று கிறீச்சிடுகிறது, அதற்கும் என்னைத்தான் பார்க்கிறார்கள், எண்ணெய் போடாதது நானா. கதவு திறந்து மூடும்போது வெளியே பெஞ்சு தெரிந்தது, இவர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் சம்பந்தியம்மா, இன்றைக்கும் வந்துவிட்டார்கள், அவள் பக்கத்தில் சம்பந்தி, ஊதினால் பறக்கிற உடம்பு, தலை தொங்கத் தூங்குகிறார், அவள் அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். அபியைக் காணோம், கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், கடையை மூடினால் வாடிக்கை போய்விடும். பிழைத்து எழுந்தால் கல்யாணம் நடக்கும். சொன்னால் இன்றைக்கு ஆபரேஷன் இல்லை, தேதி போகும், குடல் முறுக்கினாலும் முறுக்கும், சம்பந்தி வீட்டில் இது என்ன நோயாளிக் குடும்பம் என்பார்கள். சொல்லாவிட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை. ராத்திரி வார்டில் என் பக்கத்தில் யார் படுப்பார்கள், பெண்கள் வார்டு, இவரை உள்ளே விடமாட்டார்கள். இடிக்க ஆளில்லை. இதை எதற்கு இப்போது நினைக்கிறேன், இடிக்க ஆளில்லாவிட்டால் நிம்மதியல்லவா. ஆனால் நெஞ்சு திக்திக்கென்கிறது, அதே கிணற்று திக்திக். இரண்டு பக்கமும் போர்வையைப் பிடித்து ஒண்ணு ரெண்டு மூணு என்று என்னை மேஜை மேல் மாற்றினார்கள், "அப்பாடா" என்றான் ஒருத்தன். மேலே பெரிய விளக்கு, இன்னும் போடவில்லை. மயக்க டாக்டர் முகமூடிக்குள்ளிருந்து கண்ணால் சிரித்தார். கை நரம்பில் ஊசி ஏற்கனவே இருக்கிறது, அதில் மருந்தைச் செலுத்த வேண்டியதுதான் பாக்கி. அவர் கையில் வெள்ளையாகப் பால் மாதிரி ஒரு மருந்து. மாவு கரைத்த தண்ணீர் மாதிரியும் இருக்கிறது. என் உயிரா சம்பந்தியம்மா உரிக்கிற ஆரஞ்சா. என் உயிரை நான் என்ன அவ்வளவு மலிவாகவா வைத்திருக்கிறேன்.

"சார், நான் குறட்டை விடுவேன்." சொல்லிவிட்டேன். என் குரல்தான், கடையில் கூப்பிடுகிற குரல், தியேட்டர் முழுக்கக் கேட்டது. "பயங்கரமா விடுவேன். தெருவுக்கே கேக்கும். சில சமயம் மூச்சு முட்டி முழிச்சுக்குவேன்." அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். சிரிக்கவில்லை. குறட்டை என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டுச் சிரிக்காத முதல் ஆள். "நேத்து இல்லன்னீங்களேம்மா?" "நேத்து சம்பந்தி வீட்டுக்காரங்க இருந்தாங்க சார்." அதற்கும் சிரிக்கவில்லை. நடுவில் மூச்சு நின்று போகிறதா என்று கேட்டார். தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும். "கூடப் படுக்கறவரக் கூப்பிடுங்க" என்றார். மங்கையர்க்கரசி கூட வந்தவங்க யாரு என்று சிஸ்டர் வாசலில் போய்க் கத்தினாள். இவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, யாரோ கொடுத்த பச்சைச் சட்டை முழங்காலுக்குத் தொங்க, உள்வாசலில் வந்து நின்றார். நான் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார் போல, முகம் வெளுத்திருந்தது. "ஐயா, இப்ப உண்மையச் சொல்லுங்க. குறட்டை உண்டா?" இவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். கதவு மூடியிருந்தது. "உண்டு டாக்டர்." "நடுவுல நிக்குமா?" "நிக்கும்." "எவ்வளவு நாளா?" "பாப்பா ஸ்கூலுக்குப் போறப்பலருந்து நிக்குது டாக்டர். சட்டுனு அடங்கிரும். நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கும், காத்து வராது. கொஞ்ச நேரம் பாப்பேன். வரலைன்னா இடிப்பேன். இடிச்சா வந்துரும்."

நான் மேஜையிலிருந்து தலையைத் தூக்கினேன். "சத்தத்துக்காக இடிக்கலையா?" "சத்தத்துக்கு எதுக்குடி இடிக்கணும்" என்கிறார், என்னவோ நான் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி. "சத்தம் ஓடிட்டு இருந்தாத்தான நான் தூங்குவேன். கடையில கிரைண்டரு நின்னா நீ எந்திரிச்சு ஓடுவீல்ல, அந்த மாதிரிதான்." எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். கால் நுனியிலிருந்து வந்தது. அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தூங்காமல் காவல் காத்துக்கொண்டு, முழங்கையால் என்னைத் திருப்பித் திருப்பி உயிரோடு கொண்டுவந்து போட்டுக்கொண்டு, விடிந்ததும் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னீர்களா. மண்டபத்தில் சத்தத்தைச் சொன்னீர்களே, அது நிற்பதைச் சொன்னீர்களா. நின்றுபோவது வேடிக்கையாக இருக்காது, யாரும் சிரிக்க மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை. நேற்று அந்த மனுஷன் அத்தனை தெளிவாகச் சொன்னாரே, தூங்கிட்டே போயிடுவாங்க என்று, அப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றீர்களே. பயமாக இல்லையா உங்களுக்கு. "ஏங்க, நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்றுதான் என் வாயில் வந்தது. "நாலு பேரு முன்னாடி எப்படிடீ சொல்றது" என்றார். கண் கலங்கித்தான் இருந்தது. கலங்கட்டும். இந்த நாலு பேர் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும், செத்தால் தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும் என்பார்களே, அவர்கள்தானா. என் கனத்துக்கு நாலு பேர் போதவும் மாட்டார்கள். மயக்க டாக்டர் பெரிய டாக்டரோடு தள்ளி நின்று பேசிவிட்டு வந்தார். இன்றைக்கு வேண்டாம், ராத்திரி முழுக்க மூச்சைக் கவனிக்க ஐசியூவில் படுக்கை இல்லை, முதலில் தூக்கத்தில் வைத்து ஒரு டெஸ்ட், அப்புறம் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற காற்று மிஷின், சில வாரம் அதைப் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள், ஆபரேஷன் முடிந்த ராத்திரியும் அதைப் போட்டுக்கொண்டே தூங்கலாம் என்றார். "ரத்து இல்லம்மா, ஒத்திவைக்கறோம். நடுவுல வாந்தி, வயிறு கல்லு மாதிரி ஆச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்காம வந்துருங்க, தயாரா இருப்போம். இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல, பாத்துக்கலாம்." பகலில் தூங்கி வழிவதும் அதனால்தான் என்றார். அந்தத் தூக்கம் போனால் நடையும் கூடும், உடம்பும் பிரஷரும் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றார். என் தூக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறதாம். ஒருத்தர் கேட்டிருந்தால் போதுமே.

மறுபடி ஸ்ட்ரெச்சர், மறுபடி ஒண்ணு ரெண்டு மூணு, மறுபடி கிறீச். "கேன்சலா? வெயிட்டாக்கும்" என்றான் அந்த ஹெவி கேஸ் பயல் மற்றவனிடம். கோபத்தைச் சில்லறையாகச் செலவழிக்க எனக்கு மனசில்லை. கதவு திறந்தது. சம்பந்தியம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். "என்னங்க இது, அதுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டாங்க?" இவர் பச்சைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "ஒண்ணுமில்லைங்க, லேசாப் பிரஷரு…" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டார். நான் கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். போர்வை நழுவியது, கவுன் பின்பக்கம் திறந்து கிடக்கிறது, கிடக்கட்டும். "பிரஷர் நல்லா இருக்குங்க சம்பந்தியம்மா. சர்க்கரையும் நல்லா இருக்கு. எனக்குக் குறட்டை. தூக்கத்துல மூச்சு நின்னு போகுது. அதச் சொல்லாம உள்ள போயிருந்தா இன்னைக்கு ராத்திரி என்னைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க. நேத்து நீங்க இருந்தீங்கன்னு பொய் சொன்னோம். உங்களுக்குப் பொண்ணு வேணாம்னா இப்பவே சொல்லிருங்க." இவர் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது பெஞ்சில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்த தன் புருஷனை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "நின்னு போறதுன்னா… சத்தம் வந்துட்டே இருந்து, பொசுக்குனு அடங்கிரும், அதுவா? இவருக்கும் அடங்குதே. நான் காலப் பிடிச்சு உலுக்குவேன். ஒல்லியா இருக்காரு, இவருக்கு என்ன வரப்போகுதுன்னு…" அதற்குள் அவர் முழித்துக்கொண்டார். எவ்வளவு கேட்டதோ தெரியாது, வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார், "சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. மூச்சு விடற சத்தமே வராது." வயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், சிரித்தால் குடல் வந்துவிடும். சிரிப்பும் இல்லை அது. தள்ளுகிறவனைப் பார்த்தேன்.

"வண்டிய நிறுத்துப்பா. உள்ள போய் மயக்க டாக்டர்கிட்ட சொல்லு, இன்னொரு ஹெவி கேஸ் வந்திருக்குன்னு."